முகாமையாளரின் மடியில் என் மகன்

ஊர்காவற்றுறைக் கரையில் நண்டு பதனிடும் ஆலை திறந்த புதிது. அன்று காலை அவித்த நண்டு மேசை நிறையக் கிடந்தது. வெயில் ஏறினால் பழுதாகிவிடும். சதை எடுக்க வந்திருந்தவர்களோ நானும் இன்னொருத்தியும்தான்.

“இஞ்சை இருக்கிற பொம்பிளையளுக்கு வேலை செய்ய விருப்பமில்லை,” என்று முகாமையாளர் கத்தினார். என்னைவிட இளையவர்.

வராதவர்களில் ஒருத்தியின் பிள்ளையைப் பார்த்துவந்த தாய் படுக்கையில். இன்னொருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல். விட்டுவர ஆளில்லாமல் நான் கூட்டிவந்த மகன் என் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். கத்தல் கேட்டு நிமிர்ந்தவள் திரும்பிப் பார்த்தேன். அவன் கை நண்டு அவிக்கும் கொதிகிடாரத்தை எட்டப் போனது. பாய்ந்து தூக்கினேன். நேரே போய், கதிரையில் இருந்த முகாமையாளரின் மடியில் அவனை இருத்தினேன்.

“நீர் இவனைப் பிடியும். நான் வேலையைப் பாக்கிறன்.”

மகன் வீரிட்டு அழுதான். தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது; அவரால் எடுக்க முடியவில்லை. மத்தியானம் பாதி நண்டைக் கொட்ட வேண்டியதாயிற்று.

“அக்கா, பிள்ளையளை வைச்சுப் பாக்க எந்த அறை வசதியா இருக்கும்?” என்று அவர் கேட்டார்.

அவருடைய குளிரூட்டிய அறையைக் காட்டினேன்.

இப்போது பெண்கள் தவறாமல் வருகிறார்கள். நண்டு ஏற்றும் லொறி நிறைந்தே புறப்படுகிறது. அவருடைய கதிரை அந்த அறை வாசலில் கிடக்கிறது.