மாப்பிள்ளை ஏறிய பேருந்து

"கொஞ்சம் பொறுங்க, மாப்பிள்ளை இப்பதான் கண்ணத் தெறக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டே, கையிலிருந்த கட்டண இயந்திரத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார் நடத்துநர். படியில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட அறுபது பேர், பயண அட்டையை நீட்டியபடி அந்தத் திருவாய் மலர்வதற்காகக் காத்திருந்தோம்.

அவருக்கு இரண்டும் பையன்கள். சொந்தத்தில் மருமகன் இல்லாத குறையை, இந்த இயந்திரத்தைக் கொடுத்து நிர்வாகம் தீர்த்துவைத்தது. "அவரு வர்ற வரைக்கும் எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்கணும். கோவிச்சுக்கிட்டா ஊரே கெஞ்சணும். வேல மட்டும் நாம செய்யணும். வேற என்னன்னு கூப்பிடறது?" என்பார். சிக்னல் இல்லாத பாலத்தடியில், "மாப்பிள்ளை மறுவீட்டுக்குப் போயிருக்காரு" என்று அறிவிப்பார்.

ஐம்பத்தைந்து வயது. காக்கிச் சட்டையின் இடது பை மட்டும் சில்லறையின் கனத்தில் தொங்கிப்போயிருக்கும்; அதனால் ஆளே கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து நடப்பதுபோலத் தோன்றும். பயணிகளை அவர் மனிதர்களாகக் கணக்கில் எடுப்பதில்லை. "முன்னாடி நாலு டிக்கெட் உள்ள போ, அந்த கைக்கொழந்த டிக்கெட்டுக்கு எடம் விடு" என்றுதான் பேச்சு. யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மூன்று மாதங்களாக, பயணிகளுக்கு அட்டை தட்டப் பழக்கும் வாத்தியார் வேலை அவருக்கு. "தேய்க்காதீங்க, தட்டுங்க. கதவத் தட்டற மாதிரி. ஒடைக்கற மாதிரி இல்ல." ஒரு பெரியவர் ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினார். அதையும் மரியாதையாக வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பிரஷர்தாங்கய்யா ஏறும், பஸ் ஏறாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

பாடத்துக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அட்டை தட்டத் தொடங்கிவிட்டால், அந்த வழித்தடத்துக்கு நடத்துநர் வேண்டாம். ஓட்டுநர் போதும். இறக்கப்பட்டவர்களுக்கு டிப்போவின் பின்னறையில் ஒரு நீள பெஞ்சு. காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து, நடுவில் சுவர். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்தவர் இல்லை. வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இவருக்குப் பென்ஷன் முழுதாகக் கிடைக்க இன்னும் மூன்று வருடம் வேண்டும். நன்றாகக் கற்றுக்கொடுத்தால் வேலை போய்விடும். கற்றுக்கொடுக்காவிட்டால் மெமோ வரும். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு நீங்க எங்க போய் உக்காரப்போறீங்க?" என்று வீட்டம்மா கேட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள், கற்க மறுத்த முப்பது பேர். மாடிப்படிகள் துடைக்கப் போகும் ஓர் அம்மா ஆறாவது நிறுத்தத்தில் ஏறுவாள். காலி மாத்திரை டப்பாவில் சில்லறை வைத்திருப்பாள். "அந்த அட்டைய எங்க வச்சேன்னு தேடவே தனியா ஒரு ஆளு வேணும்ணே" என்பாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பார். முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி ஓடும்.

மூன்றாம் மாதம், ரொக்கமாகக் கொடுத்தால் கட்டணம் இரட்டிப்பு என்று உத்தரவு வந்தது. முதல் நாள் அந்த அம்மா டப்பாவைக் கவிழ்த்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். அவருக்குத் தாங்கவில்லை. தன் சொந்த அட்டையை எடுத்து அவளுக்காகத் தட்டினார். பழைய கட்டணத்தை மட்டும் சில்லறையாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஐந்து பேருக்குத் தட்டினார். வாரக் கடைசியில் முப்பது பேருக்கும்.

ஓட்டுநர் அவருக்கு இருபது வருடத்துச் சிநேகிதர். அவர்தான் எச்சரித்தார்: "தட்டாத மச்சான். ஒவ்வொரு தட்டும் உன் தலையிலதான் விழுது."

"ஒரே ஆளு ஒரு நாளைக்கி முப்பது தடவ ஏறி எறங்குவானா? அதுகூடத் தெரியாமலா கம்ப்யூட்டர் வச்சிருப்பாங்க?" என்றார் இவர். ஒரே அட்டையை முப்பது தடவை பார்த்தால் எந்த மனிதனும் கொஞ்சம் யோசிப்பான் அல்லவா, அந்த நம்பிக்கை.

மாப்பிள்ளை யோசிக்கவில்லை. முப்பது தட்டையும் திருந்திய முப்பது பயணிகளாகவே எண்ணிக்கொண்டது. நகரத்திலேயே மிக வேகமாக இலக்கைத் தாண்டிய வழித்தடம் என்று அவரை அழைத்துப் போட்டோ எடுத்தார்கள். பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்காரப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமாக யார் யோசித்துவிட முடியும்?

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கடுத்த மாதம். டிப்போவுக்குக் கையெழுத்துப் போட, அதே பேருந்தில் பயணியாக வந்துகொண்டிருந்தார். பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தை முன்வாசலில் திருகிவைத்திருந்தார்கள். ரொக்கம் அடியோடு கிடையாது.

ஆறாவது நிறுத்தத்தில் அந்த அம்மா டப்பாவோடு ஏறினாள். அட்டை தட்டாததால் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். இவர் எழுந்து முன்னால் போய், தன் அட்டையைத் தட்டினார். மறுபடி சிவப்பு.

"போன வாரம் மாத்திட்டாங்க மச்சான்" என்றார் ஓட்டுநர், தாழ்ந்த குரலில். "ஒரு அட்டைக்கு ஒரு ஆளுதான். ஒருத்தனே முப்பது தடவ ஏற முடியாதுன்னு இப்பதான் கண்டுபுடிச்சிருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் யாரோ மணி என்ன என்று கேட்டார்கள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்றாள் அவள்.

"நானும் இப்ப ஒரு டிக்கெட்டுதாம்மா" என்றார். பிறகு, "எறங்கிக்க" என்றார்.

அவள் இறங்கினாள். அவர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். வண்டி நகரவில்லை. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சேர்ந்து ஓடிய இருபது வருடத்தில், பின்னாலிருந்து இவர் 'ரைட்' சொல்லாமல் அவர் கியர் போட்டதில்லை. இவர் ஜன்னல் வழியே கையை வெளியே விட்டு, வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.