தபால் இல்லை என்று சொன்னவர்

தபால் கொடுக்கத்தான் தபால்காரர் வருவார். எங்கள் தெருத் தபால்காரர், தபால் இல்லை என்று சொல்லவும் வந்தார். நடுப்பகலில் கதவுச் சங்கிலியை இடக்கையால் தட்டி, "இன்னைக்குத் தபால் இல்ல, தாயி" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். வலக்கையால் தட்ட அவருக்கு விரல்கள் இல்லை. அவற்றைப் பறித்தவன் என் அண்ணன்.

வெள்ளைக்காரன் தொலைந்தால் போதும் என்று மதுரையே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. தெருமுனைத் தபால் பெட்டி வெடித்தால் சர்க்கார் நடுங்கும் என்று அண்ணன் கணக்குப் போட்டான். சித்திரைத் தேரோட்டத்தன்று வெடியை அதற்குள் வைத்தான். தெருவே மாசி வீதிக்குத் தேர் பார்க்கப் போயிருக்கும், சாயங்காலம் வரை பெட்டிப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தான். ஒருவருக்கும் காயம் படக்கூடாது என்றுதான் நாள் பார்த்தானாம்! தேர் கிளம்பிவிட்டால் கூட்டத்தைத் தாண்டி வர முடியாது என்று தபால்காரர் காலையிலேயே பெட்டியைத் திறக்க வருவார் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. எனக்கு இன்றும் அவன்மேல் கோபம்தான்.

அவனைத் தேடி வந்த போலீஸ், கையில் அகப்பட்ட ஆண்களையெல்லாம் அடித்தது. அவன் பிடிபட்டு, வழக்கு முடிந்து, வடக்கே ஏதோ ஒரு ஜெயிலுக்குப் போனான். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் நானும் மிஞ்சினோம். எங்களோடு பேசினால் மறுபடி போலீஸ் வரும் என்று தெரு பயந்தது. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால், எதிர்வீட்டு அக்கா தன் குடத்தை நகர்த்திக்கொள்வார். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை, மனுஷக் குரலாவது கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து தேறி, தபால்காரர் வேலைக்குத் திரும்பிய அன்று தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது. அவர் நேரே எங்கள் கதவைத் தட்டினார். என்ன சொல்லப் போகிறாரோ என்று அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். "மகங்கிட்டயிருந்து தபால் எதுவும் வரல, தாயி" என்றார், அவ்வளவுதான். அதன்பின் தினமும் வந்தார். ஒருநாள் அம்மா கேட்டேவிட்டார்: "இந்தக் கையோட எங்க வாசலுக்கு வாரீங்களே, அண்ணே..."

"கை வலிக்கத்தான் செய்யுது. உம் மகன்மேல கோவமும் அம்புட்டு இருக்கு. சொல்ல வேண்டியத கோர்ட்டுல சொல்லிட்டேன், அவன் அனுபவிக்கிறான். அதுக்காக உன் வாசலத் தாண்டிப் போனேன்னு வையி, நாளைக்கு இந்தப் பயம் இன்னொரு வாசலயும் தாண்டச் சொல்லும். அப்புறம் தெருன்னு என்ன இருக்கு?"

பிறகு ஒருநாள் சங்கிலிச் சத்தம் கேட்டது, குரல் வரவில்லை. அம்மா கதவைத் திறந்தார். தந்தி ஆபீசில் விஷயம் தெரிந்து, தந்தியைத் தானே வாங்கிக்கொண்டு வந்து தலைகுனிந்து நின்றார் அவர். அம்மா அதை வாங்கவே இல்லை, அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஜெயிலில் காய்ச்சல் கண்டு அண்ணன் போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் வீடு வீடாகப் போய்க் கேதம் சொல்ல வேண்டும். சொல்லாத சாவுக்கு யாரும் வரமாட்டார்கள். எங்களுக்காகப் போக யார் இருந்தார்கள்? தபால்காரர் பையை எங்கள் வாசலில் கழற்றி வைத்தார். தெருமுனை வரை ஒவ்வொரு கதவாக இடக்கையால் தட்டினார். "அந்தத் தாயி மகன் தவறிட்டான். வந்து ஒரு எட்டுப் பாருங்க." அவரே வந்து சொல்லும்போது எந்த முகத்தோடு கதவைச் சாத்துவார்கள்? ஆனாலும் எல்லாரும் வரவில்லை. எதிர்வீட்டு அக்கா வந்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு, அம்மாவைவிடச் சத்தமாக அழுதார்.

இப்போது அதே வீட்டில் தனியாக இருக்கிறேன். எங்கேயாவது குண்டு வெடித்தால், மறுநாள் டிவியில் அதை வைத்தவன் வீட்டின் சாத்திய கதவைக் காட்டுகிறார்கள். செய்தவனைப் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அந்தக் கதவை யார் போய்த் தட்டுவார்கள் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நடுப்பகலில் தபால்காரத் தம்பி சைக்கிளில் என் வாசலைத் தாண்டிப் போகிறார். அவர்மேல் தப்பில்லை. எனக்குத் தபால் இல்லை. அதைச் சொல்ல ஆளும் இல்லை.