கைக்கு இரண்டு சாண்

கிராஃப் தாளில் எந்த நேர்கோடு போட்டாலும் அது மூலையிலிருந்து, அதாவது பூஜ்யத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று இருபத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் இரண்டு தடவை உருண்டு, மூன்றாம் தடவைதான் கரையேறினேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. கல்யாணமாகி மூன்றாவது மாதம், மத்தூர் பக்கத்தில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பூமியில் பத்தடிக்கு மண், அதற்குக் கீழே வெறும் பாறை. வேட்டு வைத்து உடைத்து உடைத்துத்தான் இறங்க வேண்டும். நாற்பதடி போயும் தண்ணீரைக் காணோம்.

வேட்டு வைக்க ராயக்கோட்டையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். பாறையில் துளை போட்டு மருந்தை வைத்து, அதில் திரியைச் செருகிப் பற்றவைப்பார். திரி எரிந்து மருந்தைத் தொடுவதற்குள் ஆள் மேலே வந்துவிட வேண்டும்.

ஒருநாள் சாப்பிடும்போது மாமனார் அலுத்துக்கொண்டார். திரிச் சுருள் தீரப்போகிறதாம். புதுச் சுருளுக்குக் கிருஷ்ணகிரி போய் பர்மிட்டுக்கு நிற்க வேண்டும், அது வருவதற்குள் மழை வந்துவிடும், இந்த ஆள் வேறு தாராளமாக வெட்டித் தள்ளுகிறார் என்றார். என் மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? எவ்வளவு திரி வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன் மாமா என்று சொல்லிவிட்டேன்.

வேட்டுக்காரரிடம் போய் விசாரித்தேன். பத்தடி ஆழத்தில் மூன்று சாண் வைத்தாராம். இருபதடியில் நான்கு, முப்பதடியில் ஐந்து. பெட்டியிலிருந்து பழைய கிராஃப் தாளை எடுத்தேன். படுக்கைக் கோட்டில் ஆழம், நிற்கும் கோட்டில் திரி. பத்துக்கு நேரே மேலே போய் மூன்றில் ஒரு புள்ளி, இருபதுக்கு நேரே நான்கில் ஒன்று, முப்பதுக்கு நேரே ஐந்தில் ஒன்று. ஸ்கேலை வைத்தால் மூன்றும் ஒரே கோட்டில் அழகாக உட்கார்ந்தன. பத்தடிக்கு ஒரு சாண் வீதம் ஏறுகிறது. அதுவரை நான் செய்ததெல்லாம் சரி.

கோட்டைப் பின்பக்கம் நீட்டினேன். அது மூலைக்கு வரவில்லை. நிற்கும் கோட்டில், இரண்டு சாணில் போய் முட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆழம் பூஜ்யம், திரி இரண்டு சாணா? கிணறே இல்லாத இடத்தில் திரி எதற்கு? படிக்காதவர், தோராயமாக வைக்கிறார் என்று ரப்பரால் அழித்துவிட்டு, அதே சாய்வில் கோட்டைக் கீழே இறக்கி மூலையிலிருந்து போட்டேன். நாற்பதடிக்கு நான்கு சாண். மாமனார் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். அன்று போட்டிருந்த நான்கு துளைக்கும், நான்கு சாண் வீதம், என் கையாலேயே நான்கு திரி வெட்டினேன்.

வேட்டுக்காரர் திரிகளை எடுத்துச் சாண் போட்டுப் பார்த்தார்.

"நான் ஆறு வெப்பனுங்க."

நான் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க, மாப்ளைங்க. திரிய வெட்டுன ஆளும் கீழ எறங்கணும்."

மாமனார் நிற்கிறார். வேலையாட்கள் நிற்கிறார்கள். சற்றுத் தள்ளி என் மனைவி மோர்ச் செம்போடு நிற்கிறாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பாதிக் கிணறுவரை சுவரில் படிக்கல் உண்டு. அதற்குக் கீழே கயிறுதான். படி முடிகிற இடத்தில், பிற்பாடு ஆயில் இன்ஜின் வைப்பதற்கென்று சுவரைக் குடைந்து ஒரு பொந்து விட்டிருந்தார்கள். அடியில் போய் அண்ணாந்து பார்த்தேன். வானம் ஒரு கைக்குட்டை அளவுக்கு இருந்தது.

முதல் திரி சீறிக்கொண்டு பிடித்தது. இரண்டாவது பிடித்தது. மூன்றாவதைப் பற்றவைக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், முதல் திரி பாதிக்குமேல் போய்விட்டது. நான்காவது ஈரத்தில் பிடிக்கவே இல்லை. அவர் நிதானமாக ஊதி ஊதிப் பற்றவைக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இன்னும் ஓர் அடிகூட ஏறவில்லை, திரி மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. நான் தூக்கியெறிந்த இரண்டு சாண், ஏறுவதற்கானதே அல்ல. பற்றவைக்கிற கைக்கானது.

கயிற்றைப் பிடித்தால் கை வழுக்குகிறது. பாதியில் அப்படியே நின்றுவிட்டேன். கீழே புகைக்குள் சீறல் மட்டும் கேட்கிறது. அவர் என் பின்னாலேயே வந்து, தலையால் முட்டி முட்டி என்னை மேலே தள்ளினார். பொந்தருகே வந்ததும் படி ஏறப்போனவனை இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு, என் முகத்தைப் பாறையோடு அழுத்தினார்.

கிணறே பிளந்தது போல இருந்தது. அவர் என் காதருகே தெலுங்கில் எண்ணினார், "ஒகட்டி" என்றார். அடுத்தது வெடித்தது. "ரெண்டு." மூன்றாவதும் வெடித்தது. "மூடு." பொந்தின் வாயைத் தாண்டிக் கல் மேலே பறந்து, திரும்பவும் கீழே விழுந்தது.

அப்புறம் சத்தமே இல்லை. புகையில் மூச்சு முட்டியது. முடிந்துவிட்டது என்று தலையை வெளியே நீட்டப்போனேன். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நான்காவது இன்னும் இருக்கிறது. அது இப்போதும் வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். அதே சமயம் மேலேயிருந்து மாமனார் குரல், மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கிணற்று விளிம்புக்கு நெருங்கி வருகிறது.

"எட்டிப் பாக்காதீங்க! ஒண்ணு பாக்கி இருக்குது!"

இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து அவர் கத்தினார். குரல் விலகிப் போனது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோம் என்று தெரியாது. புது மனைவியின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. ரப்பரால் அழித்த அந்தக் கோடுதான் வந்தது. பிறகு நான்காவதும் வெடித்தது.

மேலே வந்தபோது என் வேட்டி முழங்காலோடு கிழிந்திருந்தது. காதில் இரண்டு நாள் வண்டு ரீங்கரித்தது. இரவு சாப்பாட்டில் மனைவி, இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டாள். அந்த வீட்டில் அப்படிக் கேட்பது காய்ச்சல்காரரிடம்தான்.

இப்போது என் பெண் எட்டாவது படிக்கிறாள். அவள் கோடு போட்ட தாளைக் கொண்டுவந்தால், அது எங்கே போகிறது என்பதை நான் அப்புறம்தான் பார்க்கிறேன். எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கிணற்றில் இறங்கிய மறுநாள் புதிதாகக் கோடு போட்டு, இரண்டு சாணில் ஆரம்பித்து, வேட்டுக்காரரிடம் எடுத்துப் போனேன். தெரிந்திருந்தும் ஏன் பற்றவைத்தீர்கள் என்று கேட்டேன். பொந்து இருக்கிற தைரியத்தில்தான் என்றார். அப்புறம் பழைய தாள், புதுத் தாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் நேராத்தான் போட்டிருக்கீங்க மாப்ளைங்க. மொதல்ல போட்டதுல, கீழ ஒரு ஆளு நிக்கறான்ங்கறத மறந்துட்டீங்க."