வல்லிபுரம் எழுதிக் கொடுத்த பெயர்

பொம்பிளையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தெய்வானைப்பிள்ளை கோயில் வீதியில் நின்று சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன்.

“பென்சன் எடுத்த கிழவன், அறுபத்தேழு வயசில இந்தியாவில அறை எடுத்திருக்கானாம். சும்மாவா போறான்? அங்க ஆரோ ஒருத்தி இரிக்காளாக்கும்.”

“இரிக்காள்,” என்றேன். “எழுபது வயசில இட்லி அவிச்சு விக்கிற கிழவி ஒருத்தி. அவள்ட வீட்டில நாலு சுவரும் ஒரு பூட்டும் திறப்பும் இரிக்கு. அதுக்குத்தான் போறான். உனக்கு அதில என்னகா குறைஞ்சு போச்சு?”

“மகள் துரத்திப்போட்டாள் எண்டும் சனம் கதைக்குது.”

“சனம் எண்டு ஆரும் இல்ல. நீதான் கதைக்கிறாய்.”

அதனால்தான் இதைச் சொல்லி எழுதுவிக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் தம்பி வல்லிபுரத்தை இந்த மண்டூரில் என்னைவிட அறிந்தவர் கிடையாது. அவனைக் கூட்டிக்கொண்டு போனது பெண் இல்லை, பயம். என்ன பயம் என்றும் சொல்கிறேன்.

வல்லிபுரம் ஆஸ்பத்திரியில் சிற்றூழியனாக முப்பத்தொரு வருஷம் வேலை செய்தான். அதில் பதினெட்டு வருஷம் பிரேத அறையில். யாரும் விரும்பிப் போகாத இடம். சண்டைக் காலத்திலும் கடல் ஊருக்குள் வந்த காலத்திலும் அங்கே என்ன கண்டான் என்று அவன் வீட்டில் வாய் திறந்ததில்லை. ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறான். சொந்தக்காரர் வந்து தலையில் அடித்து அழுது எடுத்துப்போகும் பிரேதம் அவனைப் பயப்படுத்தாது. ஆள் வராத பிரேதம்தான் பயப்படுத்தும். காலில் கட்டிய அட்டையில் ஒரு இலக்கத்தோடு அது நாள்கணக்காகக் கிடக்கும். பின்னேரம் கதவைப் பூட்டும்போது அவற்றைப் பார்த்து, “நாளைக்கு வருவாங்க, பயப்பிடாதீங்க” என்று சொல்வானாம். கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்களாம். கடைசிவரை ஒருவரும் வராமல் அரசாங்கச் செலவில் புதைத்தவர்கள் நாற்பத்தொரு பேர். அந்த எண்ணிக்கையை அவன் மறக்கவே இல்லை.

அந்த அறையின் திறப்பு ஒரு கறுப்புக் கயிற்றில் அவன் இடுப்பில் தொங்கும். வாழ்நாளில் வேறு எந்தக் கதவின் திறப்பும் அவன் கையில் இருந்ததில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்குத்தான். ஆண் தான் கட்டிய பெண்ணின் வீட்டில் போய் இருப்பான். எங்கள் அம்மாவின் வீடு எனக்கு வந்தது. நான் அதை என் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுக் குசினியோடு ஒட்டிய சின்ன அறைக்கு மாறினேன். வல்லிபுரம் இலட்சுமிப்பிள்ளையைக் கட்டி அவள் வீட்டுக்குப் போனான். அவன் சம்பளத்தில்தான் அந்த வீட்டுக்கு ஓடு போட்டார்கள். பிறகு அது அவன் மகளின் சீதனமானது.

இலட்சுமிப்பிள்ளை செத்து மூன்றாம் வருஷம் பேத்தி மேனுகாவுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை நிலோஜன் நல்ல பிள்ளை, அதைக் குறை சொல்லமாட்டேன். வீடு மேனுகாவின் பெயருக்கு மாறியது. அவளுடைய தாயும் தகப்பனும் பின்வளவில் ஒற்றை அறை கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். வல்லிபுரத்துக்கு முன்விறாந்தையில் ஒரு கட்டில்.

யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தெய்வானைப்பிள்ளைக்கு விளங்காதது இதுதான். துரத்தியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். புது மாப்பிள்ளை விடிய எழுந்து வரும்போது, விறாந்தையில் கிடக்கும் கிழவனைக் கண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் முற்றத்தில் இறங்குவானாம். அந்த மரியாதையை வல்லிபுரத்தால் தாங்க முடியவில்லை.

பெண்சாதி செத்த ஆண் சகோதரி வீட்டுக்குத் திரும்புவதும் எங்கள் வழக்கம்தான். அவனும் வந்தான், ஒரு பையோடு. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவன் என் அறையைப் பார்த்தான். ஒரு கட்டில், ஒரு பெட்டி, சுவரோடு அடுக்கிய நெல் மூட்டைகள். “இரிடா தம்பி” என்று நான் சொல்லவேண்டிய நேரம் அது. என் மருமகன் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். வல்லிபுரம் என்னைப் பார்த்தான். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, “சீனி கூடிப்போச்சக்கா” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதையும் எழுது. ஊரைக் குறை சொல்லிவிட்டு என்னை ஒளிக்கக்கூடாது.

அடுத்த கிழமை நான்தான் சொன்னேன், “டவுனில ஒரு அறையை வாடகைக்கு எடன்டா.”

“எடுத்தா என்ட மகளைச் சனம் என்ன சொல்லும்? அப்பனை வாடகை அறைக்கு அனுப்பினவள் எண்டு சொல்லும். கடல் கடந்து ஒரு கோயில் ஊருக்குப் போனா, கிழவன் சாமி கும்பிடப் போயிட்டான் எண்டு விட்டிருவாங்க.”

எல்லாம் யோசித்து வைத்திருந்தான். அவன் பென்சனை இந்தியக் காசாக மாற்றினால் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒண்டிக்கட்டைக்கு வாடகையும் சோறும் அதற்குள் அடங்கும். விசா ஆறு மாதம்தான், முடிய முடிய வந்து திரும்பிப் போகவேண்டும். வரும்போது, உயிரோடுதான் இருக்கிறேன் என்று பென்சனுக்குக் காட்டிக் கிராம சேவகரிடம் கையெழுத்தும் வாங்கிவிடலாம். விருந்தாளியாக வந்து நான்கு நாள் நின்றால் எந்த வீட்டுக்கும் இடைஞ்சல் இல்லை.

ஊர் பார்க்கக் கூட்டிப்போனவர் உசனார் காக்கா. காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனுசர், காக்கா என்றால் அவர்களுக்கு அண்ணன். வருஷத்துக்கு மூன்று தடவை சரக்கெடுக்கத் திருச்சிக்குப் போவார். அவருடைய வாப்பா ஆஸ்பத்திரியில் மௌத்தான அன்று, பொழுது படுவதற்குள் அடக்க வேண்டுமென்று, வல்லிபுரம் எல்லாக் கடதாசிக்கும் ஓடித் திரிந்து ஜனாஸாவை எடுத்துக் கொடுத்தான். அந்த நாளிலிருந்து இருவரும் சிநேகிதம். “நான் புடவை பாக்கன், நீங்க வீடு பாருங்க” என்று கூட்டிப்போனார்.

முதலில் திருச்சி. அறை நல்ல அறை, காற்று வரும், தண்ணீர் வரும். வீட்டுக்காரர் மரியாதையான மனுசனாம்.

“ஐயா கூட யாரு இருப்பாங்க?”

“தனியத்தான்.”

“தப்பா நினைக்காதீங்க. வீட்டுல எதுவும் நடந்துடக்கூடாது. உடம்பு முடியலைன்னா முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். மத்த குடித்தனக்காரங்க பயப்படுவாங்க.”

வல்லிபுரத்துக்கு முதலில் விளங்கவில்லை. வாடகை வீடு என்றால் என்னவென்று எங்களுக்கு எங்கே தெரியும்? காசு கொடுத்தால் அது நம் வீடு என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருக்கிறான். இருக்கலாம், சாகக்கூடாது என்று ஒரு வீடு இருக்கும் என்று அவன் கனவிலும் எண்ணவில்லை.

“எப்ப முடியாமப் போகும் எண்டு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?” என்று கேட்டானாம்.

“தெரிஞ்சுடும்ங்க,” என்றாராம் அவர்.

பதினெட்டு வருஷம் பிரேதத்தோடு இருந்தவனிடம் சொல்கிறார், தெரிந்துவிடுமாம். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை என்று உசனார் காக்கா எனக்குச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போய், ஊர் பேர் தெரியாத இடத்தில், காலில் அட்டையோடு கிடப்பதுதான் அவன் கண்ணுக்குள் நின்றிருக்கிறது. நாற்பத்திரண்டாவது ஆள்.

பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். அங்கே எல்லாம் துப்புரவு. ஆனால் பொறுப்பேற்க அந்த நாட்டிலேயே ஒரு சொந்தக்காரர் கையெழுத்து வைக்கவேண்டுமாம். “காக்கா, திரும்பிப் போவம்” என்று சொல்லிவிட்டான். உசனார் காக்கா விடவில்லை. “சிதம்பரத்தையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம், கும்பிடவாவது வாங்க.”

சிதம்பரத்தில்தான் அந்த இட்லிக்காரி. தெருவைப் பார்த்த ஒரு அறை, தனிக் கதவு. இந்த முறை வல்லிபுரம் வாடகையைக் கேட்கவில்லை.

“அம்மா, நான் இஞ்ச செத்தா என்ன செய்வீங்க?”

அவள் மாவு கலக்கிய கையை எடுக்காமலே சொன்னாளாம்: “எங்க வீட்டுக்காரரே இந்த ரூம்லதான் போனாரு. தெருவே சேர்ந்து தூக்கிட்டுப் போகும். ஆனா ஒண்ணு. அநாதையா அனுப்ப மாட்டேன். உங்க ஆளுன்னு ஒருத்தர் வந்து நிக்கணும். யாரு வருவாங்கன்னு பேரும் போன் நம்பரும் எழுதிக் குடுங்க.”

முன்பணம் கட்டி அறையைப் பேசிக்கொண்டு திரும்பி வந்த அன்றே என் அறை வாசலில் வந்து குந்தினான்.

“அக்கா, கோவிக்காத. உன்ட பேரைக் குடுத்திட்டு வந்திட்டன்.”

“என்னத்துக்கடா?”

“நான் செத்தா வாறதுக்கு.”

எனக்கு ஆத்திரம் வந்தது. பயம்தான் ஆத்திரமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. “விசரா உனக்கு? எனக்கு எழுபத்துநாலு வயசு. சீனி இரிக்கு, பிரசர் இரிக்கு. கொழும்பையே ரெண்டு தரம்தான் கண்டிரிக்கன். மகள்ட பேரைக் குடுத்திரிக்கலாமே?”

“மகள்ட பேரைக் குடுத்தா, அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு இரிக்கும்.”

“நான் பயப்பிட மாட்டனா?”

“வேற பேர் வாயில வரல்லக்கா.”

அறை கொடுக்க என்னால் முடியவில்லை. பெயரையாவது கொடுக்கவேண்டாமா?

ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டால் போதுமா? போவதற்குப் பாஸ்போட் வேண்டும். என் மகள் தலையில் கை வைத்தாள். மருமகன், “இந்த வயசில என்னத்துக்கு மாமி?” என்றார். “நீங்க மோட்டார் சைக்கிளைக் கழுவுங்க, மருமகன்” என்றேன். பதினொரு வருஷத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் கடுஞ்சொல் அது.

வல்லிபுரமே பஸ் ஏற்றி வவுனியாப் பாஸ்போட் கந்தோருக்குக் கூட்டிப்போனான். படம் எடுத்து, கையெழுத்துக்குப் பதிலாக என் பெருவிரலைப் பதிக்கிற இடத்தில் இருந்த பிள்ளை கேட்டது, “எங்க அம்மா போகப்போறீங்க?”

“சிதம்பரத்துக்கு.”

“தரிசனமா?”

“இல்ல மனே. என்ட தம்பிட பிரேதம் எடுக்க.”

அந்தப் பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. “ஐயோ, எப்ப அம்மா மோசம் போனவர்?”

“இன்னும் போகல்ல. அந்தா, வாசலில நிண்டு கச்சான் கொட்டை தின்னுறான்.”

அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்தது. வல்லிபுரம் கையை உயர்த்திக் காட்டினான். பிறகு என் விரலைப் பிடித்து மெதுவாக அழுத்தியது.

சேதி வந்தால் விசா எடுத்துக் கூட்டிப்போவது தன் பொறுப்பு என்று உசனார் காக்கா வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. அவன் புறப்படும் முன்பே, மகளின் போன் அடித்தால் என் கையில் இருக்கும் அகப்பை நின்றுவிடும். அவன் செத்துவிடுவானோ என்பதைவிட வேறொன்றுதான் என்னை அரித்தது. நான் அவனைவிட ஏழு வயசு மூத்தவள். எழுதிக் கொடுத்த பெயர்க்காரி முதலில் போய்விட்டால்? இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சீனி மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விழுங்கத் தொடங்கினேன். முன்பு அதைக் கோழிக்கு எறிந்தவள் நான்.

புறப்படுவதற்கு முதல்நாள் அவன் என் அறைக்கு வந்தான். நான் நெல் மூட்டைகளை விறாந்தைக்கு இழுத்துப்போட்டு வைத்திருந்தேன். மருமகன் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த ஒரு நாள் என் தம்பி என் வீட்டில் படுத்து எழும்பினான்.

காலையில் மகளும் மேனுகாவும் வந்து அழுதார்கள். நிலோஜன் பையைத் தூக்கிக்கொண்டு வாவித் துறைக்கு முன்னால் போனான், அக்கரைக்குப் போகும் பாதையை மறித்து வைக்க. வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். வல்லிபுரம் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தான். இடுப்பில் அதே கறுப்புக் கயிறு. அதில் சிதம்பரத்து அறையின் திறப்பு.

நான் பெட்டியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்துக் காட்டினேன். அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். என் படம் இருந்த பக்கத்தை விரித்துப் பார்த்துச் சிரித்தான். “பொலிஸ் பிடிச்ச ஆள் மாதிரி இரிக்காய்.”

“பத்து வருசத்துக்குச் செல்லுமாம். அதுக்கு மேல நீ இரிந்தா, புதுசு எடுக்க நீதான் வந்து கூட்டிப் போகணும்.”

சிரிப்பு நின்றது. வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, குனிந்து செருப்பை மாட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“அக்கா, நீ எனக்கு முந்திப் போயிராத.”

அவனும் அதையேதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

“போகமாட்டன்,” என்றேன். “நான் வருவன். பயப்பிடாத.”

நிலை தாழ்ந்த வாசல் அது. தலையைக் குனிந்து, என் தம்பி வெளியே போனான்.