நீல வானம் போட்ட படம்

திருவக்கரைக்குச் செல்லும் சாலையோரத்தில், என் நிலத்தை அடுத்துக் கணவனை இழந்த ஒரு பெண்மணியின் நிலம் இருந்தது. அதற்கு அப்பால் ஜல்லி உடைக்கும் கிரஷர். அதன் தூசி படிந்து, பூவெடுக்கும் பருவத்தில் அவருடைய நிலக்கடலைச் செடிகள் சாம்பல் பூசியவை போல நின்றன. அந்தப் போகமும் பொய்த்தால், ஜல்லி கொட்டி வைக்கக் கிரஷர்காரருக்கே நிலத்தைக் குத்தகைக்கு விட நேரும் என்று அவர் அஞ்சினார். இயந்திரத்தைத் தகரம் அடித்து மூடச் சொல்லுமாறு விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்பதென முடிவாயிற்று. சான்றுக்குப் படம் எடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன்.

ஒளிப்படம் எடுக்க நான் யாரிடமும் பயின்றவன் அல்லன். எடுத்த படத்தில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதை மட்டும் நெறியாகக் கொண்டிருந்தேன். ஜல்லியை மேலேற்றிக் கொட்டும் கிரஷரின் கன்வேயரும், அதன் கீழ் ஜல்லிக் குவியலும், முன்னால் வெளுத்த செடிகளும் ஒருசேர அமையுமாறு நண்பகலில் எடுத்தேன். அப்படத்தில் மண்ணுக்கும் வானுக்கும் ஒரே நிறம். பார்க்க அழகில்லை, உள்ளது உள்ளபடி இருந்தது.

திண்டிவனத்தில் கல்யாண ஆல்பம் போடும் ஒரு ஸ்டூடியோவில் அதை அச்சிடக் கொடுத்தேன். மனு நாளன்று காலை, பஸ் புறப்படும் வேளையில்தான் கடைக்காரர் ஒட்டிய உறையைக் கையில் தந்தார். விழுப்புரத்தில் வரிசையில் நின்றபடி பிரித்தோம். நீல வானம், வெண்மேகம், பச்சைப் பசேலென்ற செடிகள். கிரஷர்கூடக் கழுவித் துடைத்தது போல மின்னியது.

"இது யாரு கொல்லைங்கண்ணா?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

ஸ்டூடியோவுக்குத் தொலைபேசினேன். "ஒரே தூசி, பேஜாரா இருந்துச்சுங்க ஐயா. அப்படியே குடுத்தா எங்க கடை பேரு இன்னாவறது? கல்யாணப் பொண்ணு மூஞ்சிலயே ஒரு புள்ளி வுட மாட்டோம். வானத்துக்குத் தனியா காசு வாங்கலீங்க," என்றார் கடைக்காரர், பெருமை குறையாமல்.

அதிகாரியிடம் காமிராவின் சிறு திரையில் அசலையும் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே படம்ன்றீங்க. இத நீங்க வெளுப்பா மாத்தலன்னு நான் எப்படிங்க நம்பறது? நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றோம்." அவர் கேட்டதில் குற்றம் காண என்னால் இயலவில்லை.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய மாலை பெருமழை கொட்டிற்று. மறுநாள் ஈரத்தால் கிரஷர் ஓடவில்லை. இலைகள் பளபளத்தன, வானம் நீலமாகத் தெளிந்திருந்தது. அதிகாரி அச்சுப் படத்தைக் கண்ணெதிரே பிடித்து வயலோடு ஒப்பிட்டார்.

"படத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்குது," என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை.

ஜீப் போனபின் அந்தப் பெண்மணி சொன்னார்: "ஸ்டூடியோக்காரரு போட்ட அதே வானத்த சாமியும் போட்டுச்சு பாருங்கண்ணா. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு பண்ணாப்பல." சிரிக்க முயன்றார்.

அந்தப் போகத்தில் செடிகளைப் பிடுங்கியபோது வேரில் பருப்பில்லாத பொக்குகளே மிகுந்திருந்தன. அவர் நிலத்தில் இப்போது ஜல்லி குவிந்து கிடக்கிறது. பச்சை வயல் படமோ ஸ்டூடியோவின் முகப்புக் கண்ணாடிக்குள் மாதிரிக்காக வைக்கப்பட்டிருக்கிறது. திண்டிவனத்துக்குப் போனால் அந்தப் பெண்மணி அக்கடைக்கு எதிர்ச்சாரியில்தான் நடக்கிறார்.