நான் வேண்டாமென்ற மகாரத்மல்

பனிக்காலம் முடிந்து முதல் மழை விழுந்ததும் எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளின் பின்பக்கம் பார்க்க ஆசையாக இருக்கும். வேலியோரம் போவிட்டியாச் செடி ஊதாவாகப் பூக்கும், தண்ணீர் ஓடுகிற கான் ஓரமெல்லாம் வல்லாரை படரும். இந்த வருடம் மகாரத்மல் மரமும் முதல் தடவையாகப் பூத்துவிட்டது. மலை உச்சிகளில் பூக்கிற அதே இரத்தச் சிவப்பு. அதைத்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து போட்ட தோட்டம் அது. ரோட்டை அகலமாக்க மண்ணை வெட்டியபோது சரிந்து கிடந்த கன்றை அக்காதான் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தாள். வெயில் விழுகிற இடம் என் பக்கம் என்பதால் அங்கே நட்டோம். குழி தோண்டியது நான். லயத்து மண் எஸ்டேட்டுக்குச் சொந்தம். கீரை போடலாம், கேட்காமல் மரம் வைக்கக் கூடாது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். கையில் கொப்பியோடு யார் வந்தாலும் என் பெயரைத்தான் எழுதப் போகிறார்கள் என்று தோன்றும்.

போன வருடம் ஒரு காலை, மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா கொப்பியோடு பின்பக்கம் வந்து நின்றார்.

"இந்த மரத்த யாரு வச்சது?"

"பக்கத்து வீட்டு அக்காங்கய்யா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

வாளியோடு அக்கா என் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"ஆமாங்கய்யா, நான்தான். புடுங்கணுங்களா?"

"எதுக்குப் புடுங்குறீங்க? இன்னொரு கன்னு கெடச்சா நம்ம வீட்டுக்கும் கொண்டாங்க" என்று சிரித்துவிட்டு, ஒழுகுகிற கூரைகளை எழுதிக்கொண்டு போனார்.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அதுவரை வாடி, போடி என்றுதான் கூப்பிடுவாள். அன்றோடு அது நின்றது. இப்போது பூப் பார்க்க யார் வந்தாலும், "கிட்டப் போய்ப் பாருங்க. இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க, நான்தான் கேக்கல" என்கிறாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

போன ஞாயிறு, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று அவள் வாசலுக்குப் போனேன்.

"என்னங்க?" என்றாள்.

"கொஞ்சம் வல்லாரை பறிச்சுக்கட்டுமாக்கா?"

"உங்க பக்கந்தானேங்க. பறிங்க."

போய்ப் பறித்தேன். மடி நிறைந்த பிறகும் அவள் உள்ளே போகும்வரை குனிந்தே இருந்தேன்.