சூலப் படிக்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது

ஏரி மதகைத் திறந்தால் ஊரில் பாதிப் பேர் திட்டுவார்கள். மூடினால் மீதிப் பேர் திட்டுவார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் கோயில் ஏரிக்கு மதகு பார்ப்பது என் வேலை. உங்கள் ஊரிலும் இந்த வேலை பார்ப்பவர் இருந்தால், இதைப் படித்து ஆறுதல் அடையட்டும்.

எங்கள் படித்துறையில் சூலம் செதுக்கிய படி ஒன்று உண்டு. தண்ணீர் அதுவரை இறங்கிவிட்டால், மாசி மகத் தீர்த்தவாரி முடியும்வரை மதகைத் திறக்கக் கூடாது. சாமியின் சூலத்தோடு குருக்கள் முழுகி எழ அந்த அளவு வேண்டும். மழை குறைந்த ஒரு வருடம் அந்தப் படியால் நான் பட்ட பாடு இது.

வேட்டி

மதகில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று இறங்கிப் பார்த்தேன். அடைப்பு முழுக்கத் துணி. பரிகாரத்துக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு, உடுத்திய துணியை ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். அன்று சங்கராபுரத்துக்காரர் ஒருவர் என் கண்ணெதிரே வேட்டியை விட்டார். எடுத்துப் பிழிந்து, மறந்துவிட்டீர்கள் என்று நீட்டினேன். மனிதர் பஸ் நிறுத்தம்வரை ஓடினார்.

"கிட்ட கொண்டாராதீங்க, அதாங்க என் தோஷமே!"

மரவள்ளி

மலையிலிருந்து ஏரிக்கு வரும் கால்வாயைத் தூர்த்து ஒருவர் மரவள்ளி வைத்திருந்தார். அங்கே கால்வாயே இருந்ததில்லை என்பார். அளந்து காட்டியும் அசையவில்லை. ஐப்பசியில் மலையில் ஒரே ஒரு பெருமழை. இறங்கி வந்த தண்ணீர் அவர் மரவள்ளிக் கொல்லையில் தேங்கியது. அப்படியே நின்றால் கிழங்கு அழுகிவிடும். மண்வெட்டியோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? கால்வா எங்க இருந்துச்சுன்னு காட்டுய்யா, வெட்டி வுடணும்!"

கிணறு

அந்த மழைக்கு ஏரி பாதிதான் நிரம்பியது. தைக் கடைசியில் சூலப் படி தெரிந்ததும் மதகை மூடினேன். கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த அஞ்சலையின் நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், இல்லாவிட்டால் பதர்.

கரையில் ஊர் கூடியது. திறக்கவே கூடாது என்று முதலில் எழுந்தவர் கரையோரக் கிணற்றுக்காரர். ஏரி இறங்கினால் அவர் கிணறும் இறங்கிவிடுமாம். "அப்ப உங்க கெணத்துல கீறது ஏரித் தண்ணிதான மாமா?" என்று கேட்டாள் அஞ்சலை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி, மும்முனை கரண்டு வந்ததும் மோட்டார் போடறேன். பைப்ப நீயே இழுத்துகினு போ."

தீர்த்தவாரி

மாசி மகத்தன்று குருக்கள் சூலத்தோடு இறங்கினார். நல்ல உயரமான மனிதர். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. முழங்காலை மடக்கி ஒருவழியாக முழுகி எழுந்தார். ஊரே கும்பிட்டது. கதிர் முற்றிவிட்ட நிம்மதியில் அஞ்சலையும் என் பக்கத்தில் நின்று கும்பிட்டாள்.

"அடுத்த வருசம் குள்ளமான அய்யரா பாத்து வெக்கச் சொல்லுண்ணா, எங்களுக்கு ஒரு படித் தண்ணி மிச்சமாவும்!"

ஈர வேட்டியோடு வீட்டுக்குள் வராதே என்று சொல்ல என் மனைவி இப்போது இல்லை. ஆனாலும் அன்று ஏரியில் நானும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து, வாசலில் நின்று பிழிந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். சாமியும் முழுகியது, நெல்லும் விளைந்தது, ஊரில் இரண்டு பாதியும் என்னைத் திட்டின. அதனால் அந்த வருடம் மதகைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன்.